மருந்தைத் தாங்கும் மணி யார் கையில்?

2024-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் தேதி நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் மக்களவையில் தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கையின் வரி அட்டவணையில், ஆய்வுக்கூட வேதிப்பொருள்கள் மீதான அடிப்படைச் சுங்க வரி 10 சதவீதத்திலிருந்து 150 சதவீதமாக உயர்த்தப்பட்டிருந்தது. எதிர்க்கட்சிகள் அதைக் கவனிக்கவில்லை. தொலைக்காட்சி விவாதங்களிலும் அது இடம்பெறவில்லை. அதிர்ந்து போனவர்கள் நாடெங்கும் உள்ள ஆய்வாளர்கள்தான். மறுநாள் முதலே எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. பத்து நாள்களுக்குள் நிதியமைச்சகம் பின்வாங்கி, ஆய்வுக்காக உண்மையிலேயே பயன்படுத்துவோருக்குப் பழைய வரியே பொருந்தும் என்று அறிவித்தது.

இந்தக் குழப்பத்துக்குச் சொல்லப்பட்ட காரணம், ஆய்வுக்கூடப் பொருள் என்ற தலைப்பின் கீழ் எத்தில் ஆல்கஹாலைச் சிலர் இறக்குமதி செய்து வந்தார்கள் என்பதாகும். சாராய இறக்குமதியில் நடந்த தில்லுமுல்லைத் தடுக்கப் புறப்பட்டவர்கள், நாட்டின் ஆராய்ச்சி முழுவதையும் வலைக்குள் இழுத்துப் போட்டுவிட்டார்கள். வரி திரும்பப் பெறப்பட்டது நல்லதே. ஆனால், அரை கிலோவுக்கு மிகாத அந்தச் சிறு பொதிகளில் இந்தியா என்னென்ன வாங்குகிறது, அவற்றில் எவற்றை நாமே செய்ய முடியும் என்ற கேள்வியைத் தலைநகரில் எவரும் அப்போது எழுப்பவில்லை. இன்றுவரை எழுப்பவில்லை என்பதே கவலையளிக்கிறது.

அந்தப் பொதிகளுள் ஒன்றைப் பற்றியே இங்கு சொல்ல வேண்டியிருக்கிறது. திறந்து பார்த்தால் மெல்லிய மணலைப் போலவோ, வெளுத்த ரவையைப் போலவோ தோன்றும். ஒவ்வொரு மணியும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவு இருக்கும். வேதியியலார் இதைத் 'தாங்கி' என்கிறார்கள். தொழிற்சாலையில் 'ரெசின்' என்றால் போதும். புற்றுநோய்க்கும் நீரிழிவுக்கும் இன்று தரப்படும் பெப்டைடு மருந்துகளில் பல இந்த மணியின் மேல் பிறந்தவை. கரோனா சோதனைக்குப் பயன்பட்ட குறுகிய டி.என்.ஏ. இழைகளும் இதைப் போன்ற தாங்கியின் மேலேயே உருவாக்கப்பட்டன.

திருமலை அடிவாரத்தில் பூத்தொடுப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இதன் தத்துவத்தை விளக்குவது எளிது. நாரின் ஒரு முனை கால் விரலிலோ கம்பத்திலோ கட்டப்பட்டிருக்கும். மறுமுனையில் பூக்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும். மாலை எங்கும் நழுவிப் போகாது. சேராத பூவை உதறிவிட்டு அடுத்ததை எடுக்கலாம். திண்மநிலைத் தொகுப்பு என்னும் முறையும் இதுவே. முதல் அமினோ அமிலம் மணியில் கட்டப்படுகிறது. அடுத்த அமினோ அமிலம் கரைசலாக ஊற்றப்படுகிறது. இணைந்தது மணியோடு நிற்கும். இணையாதது கரைப்பானால் கழுவப்பட்டு வடிகட்டியின் வழியே வெளியேறும். சங்கிலி முடிந்ததும் மணியிலிருந்து அறுத்தெடுக்கிறார்கள்.

அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் பணியாற்றிய புரூஸ் மெரிஃபீல்டு 1963-இல் தனி ஒருவராக எழுதிய கட்டுரையில் இம்முறையை வெளியிட்டார். அதுவரை ஒவ்வோர் இணைப்புக்குப் பிறகும் விளைபொருளைப் பிரித்து, படிகமாக்கி, தூய்மைப்படுத்த வேண்டியிருந்தது. ஒரு சிறு பெப்டைடுக்கு மாதக்கணக்கில் காலம் பிடிக்கும். மெரிஃபீல்டு 9 அமினோ அமிலங்கள் கொண்ட பிராடிகைனினை 8 நாள்களில் தொகுத்துக் காட்டினார். பின்னர் 124 அமினோ அமிலங்கள் கொண்ட ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியையே 1969-இல் அவரது குழு தொகுத்தது. 1984-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவர் ஒருவருக்கே வழங்கப்பட்டது.

மணி என்றால் ஏதோ ஒரு பிளாஸ்டிக் துகள் என்று எண்ணிவிடக் கூடாது. மெரிஃபீல்டு செல்லுலோஸ் உள்ளிட்ட பலவற்றை முயன்று பார்த்து, இறுதியில் டைவினைல்பென்சீனால் குறுக்கே பிணைக்கப்பட்ட பாலிஸ்டைரீனைத் தேர்ந்தெடுத்தார். அந்தக் குறுக்குப் பிணைப்பு இன்று பெரும்பாலும் 1 சதவீதம். அதைக் கூட்டினால் மணி இறுகிவிடும், கரைப்பான் உள்ளே புகாது. குறைத்தால் மணி குழைந்து வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். வேதிவினையின் பெரும்பகுதி மணியின் மேற்பரப்பில் நடப்பதில்லை. ஊறிய உளுந்தைப் போல் உப்பிய மணியின் உள்ளேயே நடக்கிறது. ஆகவே எவ்வளவு உப்புகிறது, எல்லா மணிகளும் ஒரே அளவாக இருக்கின்றனவா, ஒரு கிராமில் எத்தனை இணைப்பிடங்கள் உள்ளன என்பவையே விளைச்சலைத் தீர்மானிக்கின்றன. டி.என்.ஏ. இழைகளைத் தொகுக்க உப்பாத தாங்கி வேண்டும் என்பதால், அளவான துளைகள் கொண்ட கண்ணாடித் துகள்கள் பயன்படுகின்றன. சங்கிலியை மணியோடு கட்டும் முடிச்சு தனிக் கலை. நூறு முறை கழுவினாலும் அவிழக் கூடாது. வேண்டும்போது ஓர் அமிலத்தில் அவிழ வேண்டும். மருந்தைச் சிதைக்காமலும் அவிழ வேண்டும்.

இதில் சிறு பிசகும் பெருகிக்கொண்டே போகும் என்பதற்குக் கணக்கு ஒன்றே போதும். 31 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலிக்கு 30 இணைப்புகள். ஒவ்வோர் இணைப்பும் 99 சதவீதம் நிறைவேறினால் முடிவில் குறையற்ற சங்கிலி 74 சதவீதம் கிடைக்கும். 98 சதவீதம் என்றால் 55 சதவீதமாகச் சரியும். 95 சதவீதம் என்றால் 21 சதவீதம்தான். மீதியெல்லாம் ஓரிரு கண்ணிகள் விடுபட்ட போலிச் சங்கிலிகள். அவற்றைப் பிரித்தெடுக்கும் செலவு மருந்தின் விலையில் ஏறும். மட்டமான மணியை வாங்கிச் சிக்கனம் செய்பவர் எங்கே இழக்கிறார் என்பது இதிலிருந்து விளங்கும்.

இனி திருப்பதிக்கு வருவோம். 2015-இல் அங்கே இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையமும் (ஐசர்), ஐ.ஐ.டி.யும் தொடங்கப்பட்டன. மாநிலப் பிரிவினையின்போது ஆந்திரத்துக்கு அளிக்கப்பட்ட உறுதிமொழியின் விளைவு இவை. ஏர்ப்பேடு பகுதியில் எழுந்த இவ்விரு நிறுவனங்களின் நிரந்தர வளாகங்களையும் 2024 பிப்ரவரி 20-இல் பிரதமர் ஜம்முவிலிருந்தபடியே நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஐசரின் இயக்குநராக 2017-இல் பொறுப்பேற்றவர் கே.என். கணேஷ். ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் 1980-களில் டி.என்.ஏ. இழைகளை வேதியியல் முறையில் தொகுக்கும் வசதியை உருவாக்கிய முன்னோடி அவர். பிறகு புணே தேசிய வேதியியல் ஆய்வகத்திலும், புணே ஐசரின் முதல் இயக்குநராகவும் பணியாற்றியவர்.

கணேஷின் பெயர் உலக வேதியியலில் அறியப்படுவது பெப்டைடு நியூக்ளிக் அமிலம் பற்றிய ஆய்வுகளால். 1991-இல் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் படைத்த இந்த மூலக்கூறு டி.என்.ஏ.வைப் போலவே எழுத்துகளைத் தாங்கும். ஆனால் அதன் முதுகெலும்பு பெப்டைடைப் போன்றது. உடலின் நொதிகளால் எளிதில் அறுபடாது. டி.என்.ஏ.வோடு இறுகப் பற்றும். அதன் முதுகெலும்பை மாற்றி, வளைத்து, இருபுறமும் பற்றும்படி இரட்டை முகம் கொடுத்த வடிவங்களை அவரது குழு திருப்பதியிலிருந்தும் வெளியிட்டது. இவை யாவும் மணியின் மேல் கோக்கப்பட்டவையே. அதாவது, உலகத் தரமான திண்மநிலைத் தொகுப்பு திருப்பதி மாவட்டத்தில் நடந்திருக்கிறது. அதற்கான அறிவு அங்கே விதைக்கப்பட்டிருக்கிறது. மணி மட்டும் கப்பலிலும் விமானத்திலும் வருகிறது.

இந்தச் சார்பு எத்தகையது என்பதை 2020 காட்டியது. கரோனா பரவத் தொடங்கியபோது ஆந்திரத்தில் முதன்முதலில் சோதனை செய்த கூடங்களுள் ஒன்று, திருப்பதி சுவிம்ஸ் மருத்துவ நிலையத்தின் வைரஸ் ஆய்வகம். ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனையின் உயிர்நாடி, சுமார் 20 எழுத்துகள் கொண்ட பிரைமர் என்னும் டி.என்.ஏ. துணுக்கு. தொடக்க மாதங்களில் சோதனைப் பொருள்களில் பெரும்பகுதியை இந்தியா இறக்குமதியே செய்தது. விமானங்கள் நின்றபோது ஆய்வகங்கள் காத்துக் கிடந்தன. பிறகு உயிரித் தொழில்நுட்பத் துறையும் பெங்களூரு சி-கேம்ப் நிறுவனமும் உள்நாட்டு உற்பத்திக்கான திட்டங்களை வகுத்தன. இந்திய நிறுவனங்கள் பிரைமர்களைத் தயாரித்தன. பாராட்டத்தக்க முயற்சி. ஆனால் பிரைமரைக் கோப்பதற்கான கண்ணாடித் துகள் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், சார்பு ஒரு படி கீழே இறங்கியிருக்கிறதே தவிர நீங்கிவிடவில்லை என்பது புரியும்.

இப்போது அதே கதை பன்மடங்கு பெரிதாக நடக்கவிருக்கிறது. நீரிழிவுக்கும் உடல் பருமனுக்கும் தரப்படும் செமாக்ளூடைடு 31 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு. டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க் நிறுவனம் தொடுத்த வழக்கில், அதைத் தயாரித்து ஏற்றுமதி செய்ய டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்துக்கு உள்ள வாய்ப்பைத் தடுக்க 2025 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. அம்மருந்தின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான். அதே குடும்பத்தைச் சேர்ந்த லிராக்ளூடைடின் முதல் இந்தியப் பொதுப்பெயர் மருந்தை கிளென்மார்க் 2024 ஜனவரியிலேயே சந்தைக்குக் கொண்டுவந்தது. மும்பையின் ஹெம்மோ நிறுவனத்தை 2021-இல் பிரமல் வாங்கியதும் பெப்டைடுக்காகத்தான். பாதுகாப்புக் குழுக்கள் இணைக்கப்பட்ட அமினோ அமிலங்களைத் தயாரித்து உலகுக்கு விற்கும் திவிஸ் நிறுவனம் ஐதராபாத்திலும் விசாகப்பட்டினத்திலும் ஆலைகளைக் கொண்டது. ஆக, மாலைக்கான பூ நம்மிடம் இருக்கிறது. கட்டுபவரும் இருக்கிறார்.

எவ்வளவு மணி தேவைப்படும்? 1 கிலோ மணியில் 0.3 மோல் இணைப்பிடங்கள் இருந்தால், செமாக்ளூடைடு அளவுள்ள மூலக்கூறு கொள்கையளவில் 1.2 கிலோ கிடைக்கும். நடைமுறையில் அதில் பாதி வந்தாலே பெரிது. ஒருமுறை பயன்படுத்திய மணி பொதுவாகக் கழிவுக்குப் போகிறது. ஆகவே டன் கணக்கில் மருந்து என்றால் டன் கணக்கில் மணியும் வேண்டும். எய்ட்ஸ் மருந்தான என்ஃபுவர்டைடை 2003-இல் ரோஷ் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தபோதே, 36 அமினோ அமிலங்களை மூன்று துண்டுகளாக மணியில் கோத்துப் பின் இணைத்து, டன் அளவுக்கு உற்பத்தி செய்ய முடியும் என்று நிரூபித்தது. இந்த வளர்ச்சியை முன்கூட்டியே கண்டு பெரும் ஆலைகளை நிறுவியது யார் தெரியுமா? சீனாவின் சியான் நகரைச் சேர்ந்த சன்ரெசின் நிறுவனம். பென்சிலினுக்கும் வைட்டமினுக்கும் சீனாவை நம்பியிருந்து கையைச் சுட்டுக்கொண்ட நாடு, இருபதாண்டுகளுக்குப் பிறகு பெப்டைடு மணிக்கும் அதே வாசலில் நிற்கப் போகிறதா?

இந்தியாவால் மணி செய்ய முடியாது என்று எவரும் சொல்ல முடியாது. பாலிஸ்டைரீன், டைவினைல்பென்சீன் மணிகள்தாம் நம் ஊர் நீர் மென்மையாக்கும் கருவிகளிலும் இருக்கின்றன. புணேயின் தெர்மாக்ஸும், அங்கலேஷ்வரில் ஆலை கொண்ட அயான் எக்ஸ்சேஞ்ச் நிறுவனமும் பல பத்தாண்டுகளாக அவற்றைச் செய்துவருகின்றன. நீர் சுத்திகரிப்பு மணிக்கும் பெப்டைடு மணிக்கும் இடைவெளி பெரியதுதான்: குறுக்குப் பிணைப்பு மெல்லியதாகவும், அளவு சீராகவும், மாசு மிகக் குறைவாகவும் இருக்க வேண்டும். ஆனால் அது கடக்க முடியாத இடைவெளி அன்று.

நம்மவர் ஒருவர் அதைக் கடக்க முயன்றும் இருக்கிறார். கேரளத்தின் வி.என். ராஜசேகரன் பிள்ளை, ஜெர்மனியின் ட்யூபிங்கனில் எர்ன்ஸ்ட் பேயர் குழுவோடு இணைந்து பாலிஎத்திலீன் கிளைக்கால் தாங்கிகளைப் பற்றி 1980-இல் கட்டுரை வெளியிட்டவர். பின்னர் கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தில் அவரது குழு, டைவினைல்பென்சீனுக்குப் பதிலாக டெட்ராஎத்திலீன்கிளைக்கால் டைஅக்ரிலேட்டைக் கொண்டு பிணைத்த புதிய மணியை உருவாக்கியது. நீரை விலக்கும் பாலிஸ்டைரீனுக்குள் நீரை விரும்பும் பாலத்தைக் கட்டியதால், மணி நன்றாக உப்பி, சங்கிலியும் நெளிந்துகொடுத்தது. 1990-களில் ஆய்விதழ்களில் வந்த ஆய்வு இது.

அதே ட்யூபிங்கனில், அதே பேயரின் ஆய்வுக்கூடத்தில், பாலிஸ்டைரீன் மணிமேல் பாலிஎத்திலீன் கிளைக்காலை வளர்த்து டென்டாஜெல் என்ற தாங்கி உருவானது. அங்கே உடனுழைத்த ரப் என்பவர் அதே ஊரில் நிறுவனம் தொடங்கினார். உலகெங்கும் வாங்குகிறார்கள், இந்திய ஆய்வகங்களும் வாங்குகின்றன. டென்மார்க்கின் மார்டென் மெல்டால் 1990-களில் படைத்த பெகா என்ற தாங்கியும் விற்பனைப் பொருளானது. 2022-இல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்த அவரது 'கிளிக்' வினையும் திண்மநிலைத் தொகுப்பில் வெளிப்பட்டதே. கோட்டயத்து மணியோ ஆய்விதழில் பெற்ற இடத்தைச் சந்தையில் பெறவில்லை. ராஜசேகரன் பிள்ளை தில்லிக்கு வந்து பல்கலைக்கழக மானியக் குழுவின் பொறுப்புத் தலைவராகவும், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் உயர்ந்தார். நல்ல ஆய்வாளருக்கு இந்த நாடு பதவி தரத் தவறுவதில்லை. சோதனை ஆலை தருவதற்குத்தான் மறந்துவிடுகிறது.

மத்திய அரசிடம் பணமில்லை என்றும் சொல்வதற்கில்லை. மருந்து மூலப்பொருள்களுக்கான உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு 2020-இல் ரூ. 6,940 கோடி ஒதுக்கப்பட்டது. அதன் 41 பொருள்களின் பட்டியலில் பென்சிலின் ஜி முதல் ஆஸ்பிரின் வரை இருக்கின்றன, தாங்கிகள் இல்லை. மூன்று மொத்த மருந்துப் பூங்காக்களுள் ஒன்று ஆந்திரத்தில், அனகாப்பள்ளி மாவட்டம் நக்கப்பள்ளியில் அமைகிறது. 2025 ஜனவரியில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். ரூ. 1 லட்சம் கோடியில் ஆராய்ச்சி, வளர்ச்சி, புத்தாக்க நிதிக்கு 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் வழங்கியது. இவ்வளவு பெரிய தொகைகளின் நடுவே, மணி செய்யும் ஒரு சோதனை ஆலை எந்தக் கோப்பிலும் பொருந்தாமல் நிற்கிறது. அது மருந்தும் அன்று, கருவியும் அன்று. மருந்தியல் துறை இதை வேதிப்பொருள் என்னும், வேதிப்பொருள் துறை இதை ஆய்வகப் பொருள் என்னும். தலைநகரின் அலுவலகங்களில் இரண்டு நாற்காலிகளுக்கு இடையே விழும் பொருள்களுக்கு நேரும் கதி இதுதான்.

சந்தை சிறியது என்று சில அதிகாரிகள் வாதிடக்கூடும். ஈஸ்ட் நுண்ணுயிரைக் கொண்டே நோவோ நார்டிஸ்க் தன் மருந்தின் அடிப்படைச் சங்கிலியைத் தயாரிக்கிறதே, வேதியியல் முறை நிலைக்குமா என்ற கேள்வியும் நியாயமானது. ஆனால் நுண்ணுயிர் வழியில் வந்தாலும் மருந்தைத் தூய்மைப்படுத்த நிரல்களில் நிரப்பும் மணிகள் வேண்டும். இந்த மணியைச் சீராக உருட்டத் தெரிந்தவன் அந்த மணிக்கும் போக முடியும்.

ஏன் திருப்பதி? ஐசரும் ஐ.ஐ.டி.யும் ஏர்ப்பேட்டில் அருகருகே இருக்கின்றன. தொகுப்பு வேதியியல் ஓரிடத்தில், வேதிப் பொறியியல் மறு இடத்தில். 1954 முதல் இயங்கும் சிறீ வெங்கடேசுவரா பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் வேதியியல் பட்டதாரிகளை அனுப்புகிறது. அவர்களில் பலர் வேலை தேடி ஐதராபாத்துக்கும் சென்னைக்கும் போகிறார்கள். சென்னைத் துறைமுகங்களுக்கு எட்டும் தூரத்தில், தமிழக எல்லையை ஒட்டியே சிறீ சிட்டி தொழிற்பேட்டை இருக்கிறது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியபோது எல்லைக்கு அப்பால் நின்றுவிட்ட சித்தூர்த் தமிழர்களின் பிள்ளைகளுக்கும் இது வாழ்வாதாரப் பிரச்சினை. ஆண்டுக்குச் சில டன் மணி செய்யும் ஆலைக்கு நூற்றுக்கணக்கான ஏக்கர் தேவையில்லை. தேவைப்படுவது தரத்தை அளந்து சான்றளிக்கும் ஒரு கூடமும், முதல் ஐந்தாண்டுகளுக்கு அரசு ஆய்வகங்கள் வாங்கும் என்ற உறுதியும்தான். ஆய்வக நிறுவனங்களின் கொள்முதல் விதிகள் 2025 ஜூனில் தளர்த்தப்பட்டு, விலைப்புள்ளி கோராமல் ரூ. 2 லட்சம் வரை வாங்க அனுமதிக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தளர்வு இறக்குமதிப் பொதிகளை விரைவாக வாங்க மட்டுமே பயன்பட்டால் என்ன லாபம்?

ஒன்றை மட்டும் முன்கூட்டியே பேசியாக வேண்டும். திண்மநிலைத் தொகுப்பு கரைப்பானைக் குடிக்கும் தொழில். 1 கிலோ பெப்டைடு மருந்துக்குச் சராசரியாக 13,000 கிலோ பொருள் செலவாகிறது என்று மருந்து நிறுவனங்களே அண்மையில் கணக்கிட்டுள்ளன. அதில் பெரும்பகுதி கழுவித் தள்ளும் கரைப்பான். இனப்பெருக்க நலனைப் பாதிக்கும் டைமெத்தில்ஃபார்மமைடுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023 டிசம்பர் முதல் கடும் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. மழை குறைந்த சித்தூர்ச் சீமையில் இத்தகைய கழிவு எங்கே போகும்? திருப்பதிப் பகுதியிலிருந்து காளத்தி வழியே ஓடும் சுவர்ணமுகியைத் தமிழர் பொன்முகலி என்றழைத்தனர். பாலாறு குப்பம் வழியாகவும், பொன்னையாறு சித்தூர் வழியாகவும் தமிழகத்துக்குள் நுழைகின்றன. தோல் கழிவால் பாலாறு பட்ட பாட்டை உச்ச நீதிமன்றம் 1996-இலேயே பதிவு செய்தது. வேலூர் மாவட்டத்து விவசாயிகளுக்கு அது இன்னும் ஆறாத புண். ஆகவே மணி ஆலைக்கும், அதை நம்பி வரும் மருந்து ஆலைக்கும், கரைப்பானை மீட்டு மீண்டும் பயன்படுத்துவதை உரிமத்தின் முதல் நிபந்தனையாக்க வேண்டும். நச்சுக் குறைந்த கரைப்பானில் உப்பும் மணியை உருவாக்குவதையே ஏர்ப்பேட்டின் முதல் ஆய்வுப் பணியாக ஒப்படைக்கலாம். உலகமே அதைத் தேடிக்கொண்டிருக்கிறது; பாலிஎத்திலீன் கிளைக்கால் வகை மணிகளில் பாதி வழி ஏற்கெனவே கடக்கப்பட்டிருக்கிறது. கோட்டயத்துக் கட்டுரைகளும் அங்கே தூசு தட்டப்படக் காத்திருக்கின்றன.

நிதிநிலை அறிக்கைக்கு முன்பு நிதியமைச்சகம் தொழில் அமைப்புகளையும் வல்லுநர்களையும் அழைத்துக் கருத்துக் கேட்பது வழக்கம். அடுத்த முறை அந்த மேசையில் ஆய்வுக்கூட வேதிப்பொருள்களின் பட்டியலும் வைக்கப்படட்டும். திருப்பதி, சித்தூர் மக்களவை உறுப்பினர்களும், பாலாற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள வேலூர், அரக்கோணம் உறுப்பினர்களும் கட்சி வேறுபாடின்றிச் சேர்ந்து கேட்கக்கூடிய கோரிக்கை இது. ஊக்கத்தொகைப் பட்டியலில் தாங்கிகளைச் சேர்ப்பீர்களா, எந்தத் துறை பொறுப்பு, கழிவுக்கு என்ன ஏற்பாடு என்று கேள்வி நேரத்தில் மூன்று கேள்விகள் எழுப்ப முடியும். எழுத்துமூலமான பதில் வந்தாக வேண்டும்.